தொட்டால் கூடும் இரைச்சல்

ஏப்ரல் 3, திங்கள்

ஃபெலிக்ஸ் காலையிலேயே கூப்பிட்டான். நல்ல செய்தி என்று நினைத்து, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் எடுத்தேன்.

“மச்சி, வாசிப்பு அருமை. டைரக்டருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா பின்னாடி என்னடா மாவு மில் ஓடுது?”

“எங்க?”

“நீ கிட்டாரை நிறுத்தற இடமெல்லாம். ‘ம்ம்ம்’னு ஒண்ணு. ஹெட்ஃபோன்ல கேளு, மண்டைய உடைக்குது. இத வெச்சு நான் மிக்ஸ் பண்ண முடியாது.”

கல்லூரியில் ஒன்றாக வாசித்தவன். இப்போது சென்னையில் ஒரு இசையமைப்பாளரிடம் உதவியாளன். சின்னப் படம் ஒன்றின் பின்னணி இசைக்கு நான்கு இடங்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும், வீட்டிலேயே பதிவு செய்து மாதக் கடைசிக்குள் அனுப்பு என்று இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தான். பள்ளிக்கூடங்களில் கிட்டார் வகுப்பு எடுத்தே பொழுது போகிற எனக்கு முதல் படம். அதில் மாவு மில்.

இன்று முதல் மகள் மகிழுக்கு விளையாட்டுப் பள்ளி விடுமுறை. என் மனைவி மேகலா வேலை பார்க்கும் லேபிலிருந்து திரும்பும் மூன்று மணி வரை குழந்தை என் பொறுப்பு. இரண்டரை வயதுக்கு வீடே போதவில்லை. கிளம்பும்போது மேகலா, “வாஷிங் மெஷின் தொட்டா சுள்ளுங்குதுங்க, என்னன்னு பாருங்க” என்றாள். ஈரக் கையோடு தொடாதே என்றேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

முறையாகத் தேட ஆரம்பித்தேன். கிட்டாரை நேராக ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில், செருகினால் ‘ம்ம்ம்’ சன்னமாகத்தான் இருக்கிறது. நடுவில், காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற ஐந்து பெடல்களையும் போட்டால் பெரிதாகிறது. அதிலும் ஒலியைக் கரகரக்க வைக்கிற ஓவர்டிரைவ் பெடலை மிதித்தால் விமானம் இறங்குகிற சத்தம். ஆக, பெடல்கள்தான் குற்றவாளி. இன்னும் சரியாகச் சொன்னால், பெடல்களுக்கு மின்சாரம் கொடுக்கிற அடாப்டர். ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து ஐந்துக்கும் போகிற மலிவு ஒயர். ஒரு பெடலின் அழுக்கு அடுத்த பெடலுக்குள் போகாமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிற நல்ல பவர் சப்ளை ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். விலையை மேகலாவிடம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 6, வியாழன்

அது வந்து சேர்வதற்குள் சும்மா இருக்க முடியாமல் ஐந்து பெடலிலும் ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டுப் பார்த்தேன். அடாப்டரே இல்லை. சுவருக்கும் பெடலுக்கும் சம்பந்தமே இல்லை.

‘ம்ம்ம்’ அப்படியே இருக்கிறது.

அதாவது, வந்துகொண்டிருக்கிற பவர் சப்ளையால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்தச் சோதனையை ஆர்டர் போடுவதற்கு முன் செய்திருக்க வேண்டும் என்று உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். என்னிடம் படிக்கிற எட்டாம் வகுப்புப் பையன்களுக்குத் தெரியும்.

மேகலா வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சரக் சரக் என்று நடக்கிறாள். பதிவு ஓடும்போது அதுவும் மைக்கில் விழுகிறது. ஏன் என்று கேட்டேன். “தரை ஒரு மாதிரி இருக்குது” என்றாள். கோவையில், ஏப்ரல் மாதத்தில், தரை ஒரு மாதிரி.

ஏப்ரல் 7, வெள்ளி

கேபிள்கள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். மாற்றம் இல்லை.

ஏப்ரல் 8, சனி

பவர் சப்ளை வந்தது. அழகாக இருக்கிறது. நீல விளக்கு எரிகிறது. ‘ம்ம்ம்’ அதன் வழியாகவும் நன்றாகவே கேட்கிறது.

ஏப்ரல் 11, செவ்வாய்

எனக்குள் ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்து மனையில் ஆறுச்சாமி லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்புக்கு உதிரிப் பாகம் கடைகிறார்கள். அத்தனை பெரிய மோட்டார்கள் ஒரே கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்தால் என் ஆம்ப்புக்கு அழுக்குதானே வரும்?

மகிழை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

“ஏனுங்க, உங்க மோட்டாருனால எங்க வீட்ல கரண்ட்ல சத்தம் வருதுங்க.”

“கரண்ட்ல சத்தமா?” அவர் லேத்தை நிறுத்தாமலே திரும்பினார். “தம்பி, கரண்ட்ல ஷாக்கு வரும், வெளிச்சம் வரும். சத்தம் எப்படீங்க வரும்?”

விளக்கினேன். அரைமணி நேரம் விளக்கினேன் என்று நினைக்கிறேன். பட்டறையில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் ஆறுச்சாமி மகிழின் கன்னத்தைத் தட்டி, “அப்பாவுக்குத் தூக்கம் பத்தலையாட்டருக்குது, கூட்டீட்டுப் போயித் தூங்க வெய்யி கண்ணு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மகிழும் சிரித்தாள்.

ஏப்ரல் 12, புதன்

இன்று ஒரு விசித்திரம். கிட்டார்க் கம்பிகளைக் கையால் தொட்டால் ‘ம்ம்ம்’ குறைய வேண்டும். எல்லாக் கிட்டாரிலும் அப்படித்தான், நம் உடம்பே இரைச்சலை வாங்கிக்கொள்ளும். இங்கே நேர்மாறு. தொட்டால் கூடுகிறது. வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டு தொட்டால் இன்னும் கூடுகிறது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலவும் இருக்கிறது. ஓயாமல் வாசிப்பதால் விரல் மரத்துப் போகிறதோ என்னவோ. நாற்காலிக்குக் கீழே கோரைப்பாயை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் கால் வைத்துக்கொண்டேன். சற்றுப் பரவாயில்லை.

கீழ் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம் வீட்டு ஒயரிங்கைப் பார்க்கச் சொன்னேன். வீட்டு உரிமையாளர்களிடம் ஒயரிங் என்று சொல்வது, அவர்கள் குலத்தில் குறை சொல்வது மாதிரி.

“தம்பி, இந்த ஊட்டைக் கட்டறப்ப எல்லாமே மொத தரமான சாமானுங்க. நீங்க வர்றதுக்கு முந்தி டீச்சரம்மா குடியிருந்தாங்க. ஒரு வார்த்த சொன்னதில்லீங்க. உங்க கித்தார்ப் பொட்டியத்தான் பாக்கோணும்.”

“எர்த் சரியா இருக்கான்னு மட்டும் ஒருக்கா பாத்தா…”

“எர்த்தெல்லாம் அம்சமா இருக்குதுங்க. குழி வெட்டி, கரி, உப்புப் போட்டு, நானே நின்னு போட்டது.”

எங்கே என்று கேட்டேன். முன்வாசலைக் காட்டினார். தை மாதம் போட்ட புது சிமெண்ட்டுத் தளம் பளபளவென்று இருந்தது. கோலம் போட வசதியாக நடுவில் சதுரமாகச் சிவப்புச் சாயம் வேறு.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. கனி பார்த்தாயிற்று. மேகலா காலையிலிருந்து பின்பக்கக் கல்லில் துணி துவைக்கிறாள், பண்டிகை நாளில், வாஷிங் மெஷினைச் சும்மா நிற்க வைத்துவிட்டு. அவளுடைய சித்தப்பா மகன் பொங்கலுக்கு வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன மெஷின். வந்த புதிதில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தவள். கேட்டால், “இதுவே நல்லா வெளுக்குது” என்கிறாள். கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். என் ஆம்ப் ஓடுவதைக் குத்திக் காட்டுகிற விதமாகவும் இருக்கலாம். எனக்குப் புரியாது என்று நினைக்கிறாள்.

நாச்சிமுத்துவின் மனைவி சரோஜாக்கா மாங்காய்ப் பச்சடி கொண்டுவந்தார். இருவரும் சமையற்கட்டில் குசுகுசுவென்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். “எனக்கு ஃப்ரிட்ஜு கண்ணு, துணி புடிச்சுத்தான் தொறக்கறேன்” என்று ஏதோ காதில் விழுந்தது. இவர்கள் பேச்சும் மைக்கில் பதிவாகிவிட்டது. நல்ல டேக் ஒன்று போயிற்று.

ஏப்ரல் 15, சனி

பீளமேட்டில் ஜோயலின் பயிற்சி அறைக்குப் பெடல்கள், ஆம்ப், கிட்டார் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். செருகினேன். மௌனம். ஓவர்டிரைவை மிதித்தேன். மௌனம். ஜோயல், “எங்கடா சத்தம்?” என்றான். அழுகை வந்துவிட்டது. அங்கேயே பதிவு செய்யலாம் என்றால் மாதக் கடைசி வரை அவனுக்கு ஏதோ கல்லூரி விழாக் குழுக்கள் நிரம்பி வழிகின்றன.

ஆக, சாமான்களில் குற்றம் இல்லை. வீட்டில்தான். ஆறுச்சாமிதான்.

ஏப்ரல் 16, ஞாயிறு

பட்டறைக்கு விடுமுறை. பூட்டு தொங்குகிறது. ‘ம்ம்ம்’ ஒரு துளி குறையவில்லை.

ஆறுச்சாமியை எங்காவது பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 17, திங்கள்

ஃபெலிக்ஸ் இன்று இரண்டு முறை கூப்பிட்டான். “இருபத்தஞ்சுக்குள்ள வரலைன்னா சார் வேற ஆளப் பாக்கச் சொல்லிருவார்டா. நான் கையப் பிசைஞ்சுட்டு நிக்கணும்.” மாதக் கடைசி என்றாயே என்றேன். அது போன வாரத்து மாதக் கடைசியாம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறி, டியூப் லைட், ஃப்ரிட்ஜ், மோடம். அதனால் மகிழ் அழுதது உடனே கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் பின்பக்க அறையில், வாஷிங் மெஷின் முன்னால், தரையில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருக்கிறாள். குறுக்கே மேகலா எப்போதும் போட்டு வைக்கிற நாற்காலி தள்ளியிருந்தது. ஏறி விழுந்திருப்பாள். அடி எதுவும் தெரியவில்லை. தூக்கி, பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்தேன். வலது கையை மட்டும் நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மேகலா வந்ததும் சொன்னேன். மகிழின் உள்ளங்கையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அவளை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நாற்காலியில் ஏறி விழாத குழந்தை உண்டா?

ஏப்ரல் 18, செவ்வாய்

மேகலா சூலூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகிழையும் கூட்டிக்கொண்டு. அங்கிருந்தே பஸ்ஸில் லேபுக்குப் போய்வருவாளாம்.

“எத்தன நாளு?” என்றேன்.

“தெரியலைங்க.”

“சத்தம் தாங்கலைன்னா சொல்லியிருக்கலாமில்ல. கதவச் சாத்திட்டு வாசிச்சிருப்பேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. டவுன் பஸ் எதிரில் கைகாட்டி நிற்கிறவர்களை ஓட்டுநர் பார்ப்பாரே, நிறுத்தமா இல்லையா என்று தெரியாத மாதிரி, அப்படி. “சொன்னேனுங்க” என்றாள். அவ்வளவுதான். ஆட்டோ வந்துவிட்டது.

சத்தத்தைப் பற்றி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போகும் அவசரத்தில் வாஷிங் மெஷினையும் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நடக்க வழியில்லை. தம் பிடித்துத் தள்ளி வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 19, புதன்

போய்விட்டது!

காலையில் ஆம்ப்பைப் போட்டேன். ஒன்றுமில்லை. ஆம்ப் எரியவில்லையோ என்று விளக்கைப் பார்த்தேன், எரிகிறது. ஓவர்டிரைவை மிதித்தேன். மெலிதாக ஒரு ‘ஸ்ஸ்’, அது எல்லா இடத்திலும் இருக்கிறதுதான். கம்பியைத் தொட்டேன், அதுவும் அடங்கியது. விரலில் எறும்பும் இல்லை. தெருவில் நேற்று மின்வாரியத்துக்காரர்கள் ஏணி வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் குலம் வாழ்க.

இரண்டு வாரமாக மனிதனை நாயாக அலைய வைத்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத அன்றைக்குப் பார்த்துப் போகிறது.

ஏப்ரல் 20, வியாழன்

இரண்டு பகுதிகள் முடிந்தன. அனுப்பினேன். ஃபெலிக்ஸ், “இதுதாண்டா மௌலி!” என்றான். சந்திரமௌலியை மௌலி என்று அவன் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று.

மேகலாவுக்குப் போன் செய்தேன். “‘ம்ம்ம்’ போயிருச்சு!”

“சரிங்க.”

“நிஜமாவே போயிருச்சு. இனி வீட்ல சத்தமே இருக்காது. எப்ப வர்றீங்க?”

“நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்கு இன்னும் தெரியலையா?”

“அதான் சொல்றேனே, போயிருச்சுன்னு.”

அவள் போனை மகிழிடம் கொடுத்துவிட்டாள். மகிழ் ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னாள்.

ஏப்ரல் 21, வெள்ளி

மூன்றாவது பகுதியும் முடிந்தது. இனி ஒன்றே ஒன்று. படத்தின் கடைசிக் காட்சி. அப்பாவும் மகளும் ரயில் நிலையத்தில். வசனம் கிடையாது, என் கிட்டார் மட்டும்தான்.

துணி மலையாகக் குவிந்துவிட்டது. நாளை போட வேண்டும். வீட்டில் வெங்காயம் இல்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இடது கை இன்னும் என்னுடையது மாதிரி இல்லை. வலது கையால் எழுதுகிறவனாக இருப்பது நல்லதாகப் போயிற்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை, துணி ஒரு பக்கம் ஓடட்டும், நாம் வாசிப்போம் என்று துணியை ஒருமுறை அலசி மெஷினில் போட்டேன். ஓடவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தால் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அதற்காகத்தான் மெஷினை இழுத்திருக்கிறாள் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, ஏன் பிடுங்கினாள் என்று எரிச்சல்தான் வந்தது. கையை விட்டுச் செருகினேன்.

அந்த நொடி, முன்னறையில் ஆன் செய்து வைத்திருந்த ஆம்ப்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று வந்தது.

அப்படியே நின்றேன். பிடுங்கினேன். நின்றது. செருகினேன். வந்தது. முன்னை விடப் பெரிதாக.

சந்தோஷத்தில் கத்தினேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன்! லேத் இல்லை, அடாப்டர் இல்லை, இந்தத் தகர டப்பா! அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். இடது கையால். வெறுங்காலில், துணி அலசின ஈரத்தில் நின்றுகொண்டு.

கை ஒட்டிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. கையை எடு என்று நான் சொல்கிறேன், கை கேட்கவில்லை. குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் வழுக்கியிருக்க வேண்டும், பின்னால் விழுந்தேன். விழுந்ததால் பிழைத்தேன். சுவரில் தலை இடித்தது. ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

தரையில் கிடந்தபடி பார்த்தபோது மெஷினின் முகப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. கதவு, பித்தான்கள், பளபளவென்ற விளிம்பு. மகிழின் உயரத்துக்கு எல்லாம் சரியாக இருக்கின்றன.

அதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஏப்ரல் 24, திங்கள்

சூலூர் போனேன். மாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேகலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மெஷின்ல ஷாக் அடிக்குது” என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள். “அடிக்குதா?” என்றாள்.

“எனக்கு அடிச்சிருச்சு.”

முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து கையைப் பிடித்தாள், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், தலையில் இருந்த வீக்கத்தைத் தடவினாள். “எப்ப? டாக்டரப் பாத்தீங்களா? ஈ.சி.ஜி. எடுத்தீங்களா?” முந்தாநாள் என்றேன், எடுக்கவில்லை என்றேன். “நேத்து முச்சூடும் என்ன பண்ணீட்டு இருந்தீங்க?” என்று கத்தினாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. அப்போதே கூட்டிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுக்க வைத்தாள். இதயம் ஒழுங்காக இருக்கிறதாம். அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்து, மடித்து, பைக்குள் வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

“மொதல்ல சொன்னப்ப ஈரக் கையோட தொடாதன்னீங்க. அப்புறம் செருப்பப் போட்டுட்டுத் தொட்டேன். அதுக்கப்புறம் மரக்கரண்டியால பித்தான அமுத்துனேன். அதுக்கப்புறம் தொடவே இல்ல. பாப்பா தொட்டுருவாளேன்னு நாற்காலியக் குறுக்க போட்டேன். மறுபடி ஒருக்கா உங்ககிட்ட வந்து நின்னேன், காதுல அத மாட்டீட்டு, கைய இப்படிக் காட்டுனீங்க.” அப்புறம் பேசலாம் என்று நான் காட்டுகிற சைகையை அப்படியே செய்தாள். “ஒரு மனுசன் சுவத்துல வர்ற சத்தத்தத் தேடி ஊரெல்லாம் சுத்தறான். பொண்டாட்டி சொல்றது காதுல விழுகல. நான் என்னங்க பண்றது?”

“எனக்கு அது ரெண்டும் ஒண்ணுன்னு தெரியல மேகலா.”

“ரெண்டும் வேற வேறயா இருந்தா? அப்ப கேக்க மாட்டீங்களா?”

தலையில் இருந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டேன்.

என்னோடு வரவில்லை. எல்லாம் சரியான பிறகு, தானே பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

ஏப்ரல் 25, செவ்வாய்

கடைசி நாள். இடது கையின் இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன, கம்பியை அழுத்தினால் எங்கே அழுத்துகிறேன் என்று தெரிவதில்லை. இருந்தாலும் மெஷினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மௌனமான ஆம்ப்பின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா, மகள், ரயில் நிலையம். இரண்டு சுரம் வாசித்தேன். பிசிறடித்தது.

அப்போதுதான் கீழே சரோஜாக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அந்தத் துணி. துணி பிடித்துத் திறக்கிறேன் என்றாரே. மேல் வீட்டு எர்த் ஒயரும் கீழ் வீட்டு எர்த் ஒயரும் ஒன்றுதான். என் வீட்டு மெஷினில் கசிந்தது, போக மண் இல்லாமல், அந்த ஒயர் வழியே என் ஆம்ப்புக்கும் வந்து, அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கைப்பிடி வரைக்கும் போய் நின்றிருக்கிறது. இப்போது என் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நாளை அவர்களுடைய கிரைண்டரோ, மோட்டாரோ கசிந்தால்?

கிட்டாரை வைத்துவிட்டுக் கீழே போனேன்.

நாச்சிமுத்து வழக்கம்போல ஆரம்பித்தார். “எர்த்தெல்லாம் அம்சமா…”

“என் மெஷின்ல கசிவு இருக்குதுங்க. என் தப்பு. அது உங்க ஃப்ரிட்ஜு வரைக்கும் வந்திருக்குது. எர்த் இருந்திருந்தா வந்திருக்காது. எனக்குக் கை போச்சு, பாருங்க.”

“ஃப்ரிட்ஜா? எங்க ஊட்டு ஃப்ரிட்ஜுக்கு என்னங்க?”

உள்ளேயிருந்து சரோஜாக்கா வந்தார். “தை மாசத்துலிருந்து துணி புடிச்சுத்தானே தொறக்கறேன். உங்ககிட்டச் சொன்னேனில்ல.”

“எங்கிட்டச் சொன்னியா?”

“சொன்னேன். ‘பழைய ஃப்ரிட்ஜு, அப்படித்தான் இருக்கும்’னீங்க.”

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து, பளபளக்கிற அந்தச் சிமெண்ட்டுத் தளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஒடைச்சுத்தான் ஆகோணுங்களா?” என்றார், பாவமாக.

ஏப்ரல் 26, புதன்

எலெக்ட்ரீஷியன் சம்சுதீன் காலையில் வருகிறேன் என்றார். வரவில்லை. மதியம் என்றார். வரவில்லை. போனை எடுத்தால், “பக்கத்துத் தெருவுலதான் பாய் இருக்கேன்” என்கிறார். இந்தப் பக்கத்துத் தெரு எந்த ஊரில் இருக்கிறதோ.

ஃபெலிக்ஸ் செய்தி அனுப்பியிருந்தான். கடைசிக் காட்சிக்கு வேறு ஒருவர் வாசித்துவிட்டாராம். முதல் மூன்று என்னுடையதுதான் இருக்கும். “தப்பா எடுத்துக்காத மச்சி.” எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? என் கையே இன்னும் என்னோடு சமாதானமாகவில்லை. ஆனாலும் அந்த ரயில் நிலையம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

ஏப்ரல் 27, வியாழன்

சம்சுதீன் வந்தார். மீட்டரைத் தொட்டதுமே, “எர்த்தே இல்லையே பாய்” என்றார். நாச்சிமுத்து சத்தியம் செய்யப் போனார், சரோஜாக்கா தடுத்துவிட்டார். சிவப்புச் சாயம் போட்ட சதுரத்துக்குப் பக்கத்திலேயே உடைத்தார்கள். ஒரு முழ ஆழத்தில் கம்பி இருந்தது. குழிக்குப் போகிற வழியில், தளம் போட வந்தவர்கள் கடப்பாரையால் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு துண்டும் அடுத்தடுத்துக் கிடந்தன. மேலே அழகாகச் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

மெஷினையும் பிரித்தோம். உள்ளே ஒரு ஒயரின் உறை தேய்ந்து போய், செம்பு தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அது போதும்.

கம்பியை இணைத்து, குழிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வறண்ட மண் புஸ்ஸென்று குடித்தது. கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துகிற பிரேக்கர் ஒன்றையும் இரண்டு வீட்டுக்கும் போடச் சொன்னேன். நாச்சிமுத்து மறுபேச்சுப் பேசவில்லை.

சத்தம் கேட்டு ஆறுச்சாமி பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நானே போய், “உங்க மோட்டார் இல்லீங்க. எங்க மெஷினுங்க. மன்னிச்சுக்கோங்க” என்றேன்.

“கொழந்தைக்கு ஒண்ணும் இல்லைங்களே?” என்றார். அதைத்தான் முதலில் கேட்டார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

மேகலா வந்தாள், மகிழை அம்மாவிடம் விட்டுவிட்டு, தனியாக. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சம்சுதீனை வரவழைத்து (அவளுக்கு உடனே வந்துவிட்டார்!) ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். பிரேக்கரின் சோதனைப் பித்தானைத் தானே அமுக்கினாள். டப் என்று வீடே அணைந்தது. மறுபடி போடச் சொல்லி, மறுபடி அமுக்கினாள். டெஸ்டரை வாங்கி மெஷினின் நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தாள், கீழே போய் ஃப்ரிட்ஜிலும் வைத்துப் பார்த்தாள். என் ஆம்ப்பிலும் வைத்தாள். கிட்டார்க் கம்பிகளிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். ஆறு கம்பியிலும்.

சம்சுதீன் போன பிறகு கேட்டேன், “இப்ப நம்பிக்கை வந்துச்சா?”

“கரண்ட் மேல வந்துச்சு” என்றாள்.

மே 1, திங்கள்

மகிழ் வந்துவிட்டாள். ஆட்டுக்குட்டி வேண்டுமாம். விடுமுறை நாள், பட்டறை மூடியிருக்கிறது, வீடு நிசப்தமாக இருக்கிறது. கை பரவாயில்லை. காலையில் கொஞ்சம் வாசித்தேன். யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லாத வாசிப்பு. அதிலும் பிசிறு இருக்கிறது, ஆனால் அது என் பிசிறு.

சாப்பிடும்போது மேகலா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “இனிமே எதுன்னாலும் உங்ககிட்ட ஒரு தடவதான் சொல்லுவேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியும். பாத்தீங்கல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. ரசம் இன்னும் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சில விஷயங்கள் என் பக்கத்திலும் இருக்கின்றன. அந்த மின்வாரியத்துக்காரர்கள் அன்றைக்கே ஏணியோடு வந்து நின்றது யாரைத்தான் ஏமாற்றியிருக்காது? அதோடு, அந்த நாற்காலியை எதற்காகக் குறுக்கே போட்டேன் என்று அவளும் வாயைத் திறந்து

உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

எழுந்து போகிறேன்.